முத்தொகுதியின் முதல் புத்தகம்: பதிப்பகமா, கிண்டிலா, சொந்த வெளியீடா?

மாய உலகம் ஒன்றைப் படைத்து, அதற்கு வரைபடமும் வரைந்து, மூன்று பாகங்களாக எழுதத் திட்டமிட்டு, முதல் பாகத்தை முடித்து வைத்திருக்கும் தமிழ் எழுத்தாளருக்கு இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. பதிப்பகத்திடம் கொடுக்கலாம். அமேசானின் கிண்டிலில் மின்னூலாக மட்டும் வெளியிடலாம். சொந்தச் செலவில் அச்சிட்டு விற்கலாம். ஒருவர் கேட்டால் ஒரு பிரதி என்று தேவைக்கேற்ப அச்சிட்டுத் தரும் நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். எந்த வழியிலாவது புத்தகம் வெளியே வந்தால் போதும் என்று கவிதைத் தொகுப்பு போடுகிறவர்களுக்குச் சொல்லப்படும் யோசனையை அப்படியே இதற்கும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கவிதைத் தொகுப்பு தன்னளவில் முடிந்துபோகும் புத்தகம். முத்தொகுதியின் முதல் பாகம் இன்னும் இரண்டு புத்தகங்களைத் தன் தோளில் சுமக்கிறது. இரண்டாம் பாகம் வெளிவரும் நாளில் முதல் பாகத்தை வாசித்தவர்கள் யார் யார் என்று எழுத்தாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுவரை வாசிக்காதவருக்கு முதல் பாகம் தட்டுப்பாடின்றிக் கிடைக்கவும் வேண்டும். நான்கு வழிகளையும் இந்த இரண்டையும் வைத்தே எடைபோடுகிறேன்.

முதலில் பணக் கணக்கைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் பலரும் அதில்தான் ஏமாறுகிறார்கள். புத்தகம் டெம்மி என்னும் வழக்கமான நாவல் அளவில் 480 பக்கம், விலை 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்ப் பதிப்பகங்கள் வழக்கமாகத் தருவது விலையில் 10 சதவீதம். 300 பிரதிகள் விற்றால் எழுத்தாளருக்கு 15,000 ரூபாய், கைமுதல் ஏதும் இல்லாமல்.

இனி சொந்த வெளியீடு. டிஜிட்டல் அச்சில் ஒரு பிரதிக்கு 190 ரூபாய் என்று கொண்டால் 300 பிரதிகளுக்கு 57,000. மொழி திருத்துபவர், அட்டை ஓவியர், வரைபடம், பக்க வடிவமைப்பு எல்லாவற்றுக்கும் 40,000 என்றால் மொத்தச் செலவு 97,000. வரவுக்கு வருவோம். நூலகங்களுக்கும் மதிப்புரைக்கும் 20 பிரதிகள் போய்விடும். 150 பிரதிகளை, புத்தகம் வரும் முன்பே பணம் வாங்கிக்கொள்ளும் முன்வெளியீட்டுத் திட்டத்தில் 400 ரூபாய்க்கு நேரடியாக விற்றால் 60,000. மீதி 130 பிரதிகளைக் கடைகளுக்கு 35 சதவீதக் கழிவில் கொடுத்தால் 42,250. ஆக மொத்தம் 1,02,250. இதில் 150 பொதிகளுக்குத் தபால் செலவும் உறையும் தலா 45 என்று 6,750 கழியும். எல்லாப் பிரதிகளும் விற்றுத் தீர்ந்த பிறகும் 1,500 ரூபாய் நட்டம். அச்சகத்துக்கு அச்சகம் விலை மாறும், ஓவியருக்கு ஓவியர் கூலி மாறும். ஆனாலும் கணக்கின் போக்கு இதுதான். முதல் பாகத்தில் லாபம் எதிர்பார்த்துச் சொந்தமாக அச்சிடுகிறவர், தயவுசெய்து பதிப்பகத்துக்குப் போய்விடலாம்.

பிறகு எதற்காகச் சொந்த வெளியீட்டைப் பற்றிப் பேசுகிறேன்? அந்த 150 முகவரிகளுக்காக. முன்வெளியீட்டுத் திட்டத்தில் பணம் கட்டிய ஒவ்வொருவரின் பெயரும் ஊரும் தொலைபேசி எண்ணும் உங்கள் குறிப்பேட்டில் இருக்கும். இரண்டாம் பாகம் தயாரானதும் அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும். பதிப்பகம் விற்றால் அந்தப் பட்டியல் பதிப்பகத்திடம் இருக்கும், கடை விற்றால் யாரிடமும் இருக்காது. கிண்டிலில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று தெரியும், எவர் வாங்கினார் என்று தெரியாது.

இருந்தும் பதிப்பகத்தைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அலுவலக வேலைக்குப் போய்வந்து இரவில் எழுதுகிறவர், பொதி கட்டவும் கடைகளிடம் பாக்கி கேட்டு நடக்கவும் முடியாதவர், இரண்டாம் பாகத்தை எழுதும் நேரத்தைக் காப்பாற்றிக்கொள்வதே மேல். அதற்குப் பதிப்பகம்தான் நல்ல வழி. ஒப்பந்தத்தை மட்டும் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, எழுத்தாளர் பக்கம் நிறையவே சாய்ந்திருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. உரிமையை ஒப்படைப்பதை எழுத்தில் செய்து கையெழுத்திட வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றுதான் பிரிவு 19 எடுத்துக்கொள்ளும். எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, அந்த உரிமை காலாவதியாகிவிடும். இதெல்லாம் ஒன்றும் எழுதாமல் விட்டவர்களுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு. முத்தொகுதி எழுதுகிறவர் இன்னும் மூன்று வரிகளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மின்னூல் உரிமை எழுத்தாளரிடமே இருக்கும். இரண்டாம் பாகம் அச்சுக்குப் போகும் முன் முதல் பாகம் கையிருப்பில் இல்லையென்றால் மறு அச்சு போட வேண்டும். போடாவிட்டால் முதல் பாகத்தின் உரிமை எழுத்தாளரிடம் திரும்பும். மூன்றாவது வரியை ஏற்காத பதிப்பகத்திடம் தொடர் நாவலைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. முதல் பாகம் கிடைக்காமல் போனால் இரண்டாம் பாகத்தை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள்.

கிண்டிலுக்கு வருவோம். 2016 இறுதியில் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளுக்கு அமேசான் கதவைத் திறந்தது. அதன்பின் சுயமாக வெளியிடும் தமிழ் எழுத்தாளர்களின் முதல் நிறுத்தமே அதுவாகிவிட்டது. கைச்செலவு இல்லை, புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணும் மின்னூலுக்குக் கட்டாயமில்லை. டொரன்டோவிலும் லண்டனிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தமிழ் வாசகருக்கு அரைக் கிலோ புத்தகத்தை விமானத் தபாலில் அனுப்பும் செலவு புத்தக விலையையே தாண்டிவிடலாம். அவர்களுக்கு கிண்டிலை விட்டால் வேறு வழி குறைவு.

அமேசானின் செலக்ட் திட்டத்தில் சேர்வதா வேண்டாமா என்பதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். சேர்ந்தால் 90 நாட்களுக்கு மின்னூல் வடிவம் வேறு எங்கும் இருக்கக் கூடாது. அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை கிடையாது. இந்திய விற்பனையில் 70 சதவீத உரிமைத்தொகை வேண்டுமென்றால் இதில் சேர்ந்தே ஆக வேண்டும், சேராவிட்டால் 35 சதவீதம்தான். மாதச் சந்தாவில் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வாசகர்களும் செலக்ட் புத்தகங்களைத்தான் எடுத்துப் படிப்பார்கள். அவர்கள் புரட்டும் பக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப எழுத்தாளருக்குப் பணம் வரும். 480 பக்க நாவலை ஒருவர் கடைசிவரை படித்தால், 120 பக்க நாவலைப் படித்ததைவிட நான்கு மடங்கு கிடைக்கும். நீண்ட கதை எழுதுகிறவர்களுக்குச் சாதகமான ஏற்பாடு இது. ஆகவே முதல் 90 நாட்களுக்குச் சேருவதில் எனக்குத் தயக்கம் இல்லை. தானாகப் புதுப்பிக்கும் வசதியை மட்டும் அணைத்து வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு 90 நாளிலும் ஐந்து நாட்கள் புத்தகத்தை இலவசமாகத் தரலாம். பலர் வெளியீட்டு வாரத்திலேயே அந்த ஐந்து நாட்களையும் செலவழித்துவிடுகிறார்கள். தொடர் எழுதுகிறவர் அப்படிச் செய்யக் கூடாது. இரண்டாம் பாகம் வெளிவரும் வாரத்தில் முதல் பாகத்தை மறுபடி செலக்டில் சேர்த்து, அப்போது இலவசமாகக் கொடுப்பதுதான் பலன் தரும்.

பிரதிலிபி போன்ற தளங்களில் கதையை அத்தியாயம் அத்தியாயமாக ஏற்கெனவே வெளியிட்டிருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. செலக்ட் விதிப்படி புத்தகத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இணையத்தில் வேறெங்கும் இருக்கக் கூடாது. சொந்த வலைத்தளமும் இதில் அடக்கம். அத்தியாயங்களை நீக்கிய பிறகே சேர வேண்டும். நீக்கினால் அங்கே சேர்ந்த வாசகர்களின் பின்னூட்டங்களும் போய்விடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வரைபடம் மாயப்புனைவுக்கு உயிர்நாடி, செலவும் அதில் ஒளிந்திருக்கிறது. 70 சதவீதத் திட்டத்தில் இந்திய விற்பனைக்கு ஒரு மெகாபைட்டுக்கு 7 ரூபாய் வீதம் கோப்பை அனுப்பும் கட்டணத்தை அமேசான் விலையிலிருந்து கழித்துக்கொண்டு, மீதியில்தான் 70 சதவீதம் தரும். 199 ரூபாய் மின்னூலின் கோப்பு ஒரு மெகாபைட் என்றால், வரியை விட்டுவிட்டுப் பார்த்தால், எழுத்தாளருக்கு 134 ரூபாய் 40 காசு. ஓவியர் தந்த பெரிய வரைபடத்தைச் சுருக்காமல் அப்படியே சேர்த்துக் கோப்பு மூன்று மெகாபைட் ஆகிவிட்டால் 124 ரூபாய் 60 காசு. விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் பத்து ரூபாய் இப்படிப் போகிறது. அவ்வளவு பெரிய படத்தைப் போட்டும் ஆறங்குலக் கறுப்பு வெள்ளைத் திரையில் ஊர்ப்பெயர்கள் எறும்பு ஊர்ந்ததுபோல்தான் தெரியும். மின்னூலுக்கென்று தனி வரைபடம் வரைந்து வாங்குங்கள். மலைகளின் நிழலும் அலைகளின் கோடுகளும் வேண்டாம், கதையில் வரும் ஊர்கள் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். அச்சுக்கும் இதே கவனம் வேண்டும். எதிரெதிர் இரண்டு பக்கங்களில் விரியும் வரைபடம் கணினியில் பார்க்க அழகாக இருக்கும். 480 பக்கப் புத்தகத்தை முதுகில் பசை போட்டுக் கட்டிய பிறகு நடுவில் இருக்கும் ஊர்கள் மடிப்புக்குள் போய்விடும். வாசகர் புத்தகத்தை அழுத்தி விரித்துப் பார்க்க, முதுகு விட்டுப்போகும். ஒரே பக்கத்தில் நெடுக்காக அமையும் வரைபடமே நல்லது, அல்லது நடுவில் ஒன்றும் வராதபடி கடலை வைத்து வரையச் சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கல் எழுத்துருவில் இருக்கிறது. மாயப்புனைவில் பெயர்களைப் புதிதாகப் படைக்கிறோம், அகராதியில் சரிபார்க்க வழி இல்லை. "மௌரா" என்று ஒரு பாத்திரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் ஔகாரக் குறியோடு சரியாகத் தட்டச்சு செய்திருப்பீர்கள். இன்னொரு இடத்தில் எகரக் கொம்பும் ளகரமும் சேர்ந்து "மெளரா" என்று விழுந்திருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கிண்டிலில் அந்தப் பெயரைத் தேடும் வாசகருக்குப் பாதி இடங்கள் அகப்படாது. அச்சுக்குப் போகும்போது யூனிகோடை அச்சகத்தின் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் ஸ, ஷ, ஹ, க்ஷ வரும் பெயர்கள் உடைந்து வேறு குறிகளாக நிற்கலாம். மெய்ப்பு பார்ப்பவர் வழக்கமான சொற்களைத் திருத்துவார், உங்கள் கற்பனைப் பெயர்களைத் தொட மாட்டார், அவை அப்படித்தான் போலும் என்று விட்டுவிடுவார். எனவே எல்லாப் பெயர்களையும் அகர வரிசையில் ஒரு பட்டியலாக எழுதி மெய்ப்புத் திருத்துபவரிடம் கொடுத்துவிடுங்கள். யூனிகோடிலேயே பக்கம் அமைத்துத் தரும் வடிவமைப்பாளர் கிடைத்தால், கூலி கொஞ்சம் கூடினாலும் அவரையே பிடித்துக்கொள்ளுங்கள்.

தேவைக்கேற்ப அச்சிடும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னையின் நோஷன் பிரஸ், பெங்களூரின் போத்தி போன்றவை இந்த வேலையைச் செய்கின்றன. கையிருப்பு வைக்க வேண்டாம், புத்தகம் தீர்ந்துபோனது என்ற பேச்சே இராது. ஆனால் ஒரு பிரதியின் அச்சுச் செலவு 300 பிரதிகளை மொத்தமாக அடிக்கும்போது ஆவதைவிடக் கூடுதல், ஆகவே விலையை ஏற்ற வேண்டிவரும். ஏற்கெனவே தடித்த புத்தகம், விலை இன்னும் ஏறினால் புது எழுத்தாளரை யார் வாங்குவார்கள்? முதல் வெளியீட்டுக்கு இது சரிப்படாது. முதல் 300 பிரதிகள் தீர்ந்த பிறகு, இரண்டாம் பாகம் வரும்வரை முதல் பாகத்தைக் கிடைக்கச் செய்ய இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

ஆக, பொதி கட்டத் தயாராக இருப்பவருக்கு என் பரிந்துரை: முன்வெளியீட்டுத் திட்டத்தோடு 300 பிரதிகள் சொந்த வெளியீடு. அதே வாரத்தில் கிண்டில் செலக்ட். அச்சுப் பிரதிகள் தீர்ந்ததும் தேவைக்கேற்ப அச்சு. முன்வெளியீட்டில் நூறு பேர்கூடச் சேராவிட்டால் அச்சை நிறுத்திவிட்டு, கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கிண்டிலோடு தொடங்குவது நேர்மையான வழி. இந்த வாய்ப்பையும் திட்டத்தின் அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

எந்த மாதத்தில் வெளியிடுவது என்று கேட்டால் எல்லோரும் ஜனவரி என்பார்கள். புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1977 முதல் நடத்திவரும் சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வருகிறது, நந்தனம் திடலில் தொள்ளாயிரம் அரங்குகள் அளவுக்கு நிரம்புகின்றன. அங்கே புதிய நூல்கள் வந்து குவியும் நேரத்தில் அறியப்படாத ஒருவரின் முதல் பாகத்தை யார் தேடி வரப்போகிறார்கள்? தனி எழுத்தாளருக்கு அரங்கு கிடைப்பதும் எளிதல்ல, வேறொரு பதிப்பகத்தின் மேசையில் ஓர் ஓரத்தில் வைக்கக் கேட்க வேண்டும், கழிவும் கொடுக்க வேண்டும். நவம்பரில் வெளியிடுவதே என் தேர்வு. அக்டோபரில் முன்வெளியீட்டுத் திட்டத்தை அறிவித்து, நவம்பர் தொடக்கத்தில் பிரதிகளை அனுப்பிவிட்டால், படித்து முடிக்கவும் நான்கு பேரிடம் சொல்லவும் வாசகருக்கு இரண்டு மாதம் கிடைக்கும். ஜனவரியில் புத்தகக் காட்சிக்கு வருகிறவர் உங்கள் பெயரை ஏற்கெனவே எங்கோ கேட்டிருப்பார். கிண்டிலிலும் முன்பதிவு வசதி உண்டு. இறுதிக் கோப்பைக் குறித்த கெடுவுக்குள் ஏற்றத் தவறினால் ஓராண்டுக்கு அந்த வசதியைப் பறித்துவிடுவார்கள். ஆகையால் மெய்ப்புத் திருத்தம் முடிந்த பிறகே முன்பதிவைத் திறப்பது உத்தமம். அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் மகிழ்ச்சி, அதை நம்பி அச்சு எண்ணிக்கையை உயர்த்த வேண்டாம்.

சொந்தமாக வெளியிடுகிறவர் சட்டப்படி பதிப்பாளர் ஆகிவிடுகிறார், அதற்கான கடமைகள் சில உண்டு. ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. அதை வாங்கித் தருவதாகச் சொல்லி யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். விண்ணப்பித்துக் கைக்கு வர நாளாகலாம், அட்டை வடிவமைப்பு தொடங்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும். 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். சுய வெளியீட்டாளர் பலர் இதைச் செய்வதே இல்லை. கன்னிமாராவில் ஒரு பிரதி இருந்தால், நாற்பது ஆண்டுகள் கழித்து தமிழ் மாயப்புனைவின் வரலாற்றைத் தேடி ஓர் ஆய்வாளர் வரும்போது உங்கள் புத்தகம் அவர் கைக்குக் கிடைக்கும். இதற்காகவேனும் அனுப்புங்கள்.

தபால் விஷயத்தில் பழைய கணக்கு செல்லாது. மலிவாக இருந்த புத்தக அஞ்சல் சேவை 2024 டிசம்பரில் நின்றுபோனது. 2025 மே மாதம் முதல் புத்தகங்களுக்காக ஞான் போஸ்ட் என்ற சேவை வந்திருக்கிறது, 300 கிராமுக்கு 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாய்வரை, வரி தனி. 70 ஜி.எஸ்.எம். எடையுள்ள தாளில் 480 பக்க டெம்மி புத்தகம் அட்டையோடு அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். எந்த எடைப் படியில் விழுகிறது என்று ஒரு மாதிரிப் பிரதியை உறையோடு அஞ்சலகத்தில் நிறுத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு முன்வெளியீட்டு விலையை முடிவுசெய்யுங்கள்.

பணம் பற்றாக்குறை என்றால் எதைக் குறைப்பது? வெளியீட்டு விழாவைக் குறைக்கலாம். அரங்க வாடகை, சிறப்பு விருந்தினர் பயணம், பொன்னாடை, சிற்றுண்டி என்று போகும் தொகையில் ஒரு நல்ல மொழி திருத்துநரை அமர்த்திவிட முடியும். அட்டையில் கை வைக்காதீர்கள், மூன்று பாகங்களுக்கும் ஒரே ஓவியரிடம் பேசி முடித்துவிடுங்கள், அலமாரியில் மூன்றும் ஒன்றாக நிற்கும்போது ஒரு குடும்பமாகத் தெரிய வேண்டும். செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய அட்டை மலிவுதான். கிண்டிலில் வெளியிடும்போது அதை அமேசானிடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2023 முதல் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, இரண்டாம் பாகத்துக்கு அதே நாயகியின் அதே முகம் அதிலிருந்து வராது.

புத்தகத்தின் கடைசித் தாளையும் வீணாக்க வேண்டாம். கதை முடிந்த மறுபக்கத்தில் இரண்டாம் பாகத்தின் பெயர், அது வர இருக்கும் ஆண்டு, உங்களுக்கு எழுத ஒரு மின்னஞ்சல் முகவரி, இந்த மூன்றும் இருக்கட்டும். கடையில் வாங்கிய 130 பேரும் கிண்டிலில் படித்தவர்களும் உங்கள் குறிப்பேட்டுக்கு வந்துசேர அந்த ஒரு பக்கம்தான் வாசல். மின்னூலில் அதைச் சொடுக்கினால் திறக்கும் இணைப்பாகவே கொடுத்துவிடலாம்.